காற்றுப் பட்டால் மடியும் கிருமிகள்



மிஷன் மருத்துவமனை என்றவுடன் வார்டும், அறுவைச் சிகிச்சை அறையும், பிரசவ அறையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்காக நீங்கள் ஜெபிக்கிறீர்கள், காணிக்கை அனுப்புகிறீர்கள். வியாதியஸ்தர் கண்ணில் படாத ஒரு சிறிய அறையும் அங்கே உண்டு. அதுவே நுண்ணுயிர் ஆய்வகம். அங்கே எழுதப்படும் ஒரு வரி ஒருவருடைய காலைக் காப்பாற்றும். அதே வரியைத் தவறாகப் புரிந்துகொண்டால் கால் போய்விடும். இந்த மாதப் பாடத்தில் அந்த ஒரு வரியைப் பற்றிப் படிப்போம்.

"கிருமி வளர்ச்சி இல்லை" என்பதே அந்த வரி.

ஒருவருடைய புண்ணிலிருந்து சீழ் வடிகிறது. அருகில் நிற்க முடியாத துர்நாற்றம். காய்ச்சலும் இருக்கிறது. சீழைச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். இரண்டு நாள் கழித்து, கிருமி வளர்ச்சி இல்லை என்று அறிக்கை வருகிறது. அப்படியானால் இந்தச் சீழ் எங்கிருந்து வந்தது? புண்ணில் கிருமியே இல்லை என்று பொருளா? அல்லது தேடிய விதத்தில் அது அகப்படவில்லை என்று பொருளா? இதற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. இவை எத்தகைய கிருமிகள்?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 21 சதவீதம் ஆக்சிஜன் என்னும் பிராணவாயு இருக்கிறது. நமக்கு அது ஜீவன். கிருமிகளிலும் பல அதைக் கொண்டே வாழ்கின்றன. ஆனால் ஆக்சிஜனே விஷமாக அமைந்துவிடும் ஒரு கூட்டமும் உண்டு. அவற்றை மருத்துவர்கள் அனரோபிக் கிருமிகள் என்கிறார்கள். தமிழில், காற்றில்லாமல் வாழும் கிருமிகள் எனலாம். உயிரணுவுக்குள் ஆக்சிஜன் புகும்போது சில நச்சுப்பொருள்கள் உண்டாகின்றன. அவற்றை முறிக்கும் நொதிகள் மற்ற உயிர்களிடம் போதிய அளவு இருக்கின்றன. இந்தக் கிருமிகளிடம் அவை இல்லை, அல்லது மிகக் குறைவு. ஆகவே இவற்றில் சில வகைகள் காற்றுப் பட்ட சில நிமிடங்களிலேயே மடிகின்றன. சில வகைகள் சற்று அதிக நேரம் தாங்கும்.

காற்றில்லாமலும் உயிர் வாழ முடியும் என்பதை 1861-ல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் எடுத்துக்காட்டினார். 1889-ல் ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் பணிபுரிந்த ஜப்பானியர் கிடசாட்டோ, ரண ஜன்னி என்னும் டெட்டனஸ் நோயின் கிருமியை முதன்முதலாகத் தனியே பிரித்து வளர்த்தார். அவர் செய்தது எளிய யுக்தி. சீழைச் சூடுபடுத்தி மற்றக் கிருமிகளை அழித்தார். சூட்டைத் தாங்கும் டெட்டனஸ் வித்துக்கள் மட்டும் எஞ்சின. அவற்றை ஹைட்ரஜன் வாயுவில், காற்றுப் படாமல் வளர்த்தார்.

இக்கிருமிகள் எங்கோ தூரத்தில் இருப்பவை அல்ல. நம் வாயிலும் குடலிலும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. பெருங்குடலில் காற்றில் வளரக்கூடிய கிருமி ஒன்று இருந்தால், காற்றில்லாமல் வாழ்பவை ஏறத்தாழ ஆயிரம் இருக்கும். தம் இடத்தில் இருக்கும்வரை அவை நமக்கு ஊழியம் செய்கின்றன. குடல் ஓட்டையாகும்போதும், பல்வேர் அழுகும்போதும், இரத்தம் ஓடாத செத்த சதையில் குடிபுகும்போதும் அவை சத்துருக்களாகிவிடுகின்றன. செத்த சதைக்கு ஆக்சிஜன் வருவதில்லை. அது அவற்றுக்கு ஏற்ற வீடாகிறது. கூடவே இருக்கும் சாதாரணக் கிருமிகள் மிச்சமுள்ள ஆக்சிஜனையும் தின்று தீர்த்து, இவற்றுக்கு வழி செய்து கொடுக்கின்றன. அதனால்தான் இத்தகைய புண்களில் பெரும்பாலும் பல கிருமிகள் கூட்டாக இருக்கின்றன.

2. வடசென்னைக்கு இது ஏன் முக்கியம்?

இராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள கடற்கரைப் பகுதியை அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் லாரிகள், காசிமேடு மீன்பிடி துறைமுகம், திருவொற்றியூரிலும் மணலியிலும் எண்ணூரிலும் உள்ள தொழிற்சாலைகள் ஆகியவையே இங்குள்ள மக்களுக்குச் சோறு போடுகின்றன. இரும்புக்கும் சக்கரத்துக்கும் இடையில் நசுங்கிய கை கால்கள், மண்ணும் கிரீசும் உள்ளே திணிந்த காயங்கள், வெறுங்காலில் ஏறிய ஆணியும் மீன் முள்ளும் இந்தப் பகுதியின் அன்றாடக் காயங்களாகும். நசுங்கிய சதைக்கு இரத்தம் போகாது. மண்ணிலோ கிருமிகளின் வித்துக்கள் நிறைந்திருக்கின்றன.

இதனுடன் சர்க்கரை நோயும் சேர்ந்துகொள்கிறது. இந்நோய்க்கென்றே ஒரு மருத்துவமனையைப் பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1954-ல் இராயபுரத்திலேயே நிறுவினார். அன்று தொடங்கிய தேவை இன்று பல மடங்கு பெருகியிருக்கிறது. நெடுநாள் சர்க்கரை நோயாளியின் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடுகிறது. முள் குத்தியதும் தெரியாது; செருப்பு கடித்ததும் தெரியாது. இரத்தக் குழாய்கள் சுருங்கியிருப்பதால் புண் ஆறுவதும் இல்லை. மேலே சிறிய துளையாகத் தோன்றும். உள்ளே எலும்புவரை அழுகியிருக்கும். ஆழமான, நாற்றமெடுக்கும், இரத்த ஓட்டம் குன்றிய இத்தகைய புண்களில்தான் காற்றில்லாக் கிருமிகளை அதிகமாக எதிர்பார்க்க வேண்டும்.

மூட்டை தூக்குகிறவருக்கும் வலை இழுக்கிறவருக்கும் காலே மூலதனம். ஒரு கால் போனால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைகிறது. பிள்ளையின் படிப்பு நிற்கிறது. ஆகவே அந்த ஒரு வரி அறிக்கை சரியாக இருப்பது ஆய்வகத்தின் காரியம் மட்டுமல்ல.

3. சோதனை வார்டிலேயே தொடங்குகிறது

சோதனை என்றால் நுண்ணோக்கியும் கருவியும்தான் என்று நினைக்கிறோம். காற்றில்லாக் கிருமிகளைப் பொறுத்தமட்டில், சோதனையின் பாதி வெற்றி நோயாளியின் கட்டிலருகே நிர்ணயிக்கப்படுகிறது. வார்டில் கடைப்பிடிக்க வேண்டியவை இவை:

முதலாவது, புண்ணின் மேற்பரப்பைப் பஞ்சுக் குச்சியால் தடவி அனுப்புவது போதாது. பஞ்சு காற்றை வைத்திருக்கிறது, ஈரம் உலர்கிறது, மேலே இருக்கும் சாதாரணக் கிருமிகள்தான் அதில் ஒட்டுகின்றன. புண்ணைச் சுத்தம் செய்து, செத்த சதையை நீக்கியபின், அடியிலிருந்து ஒரு சிறு துண்டுத் திசுவை எடுக்க வேண்டும். மூடிய கட்டியாக இருந்தால் ஊசியால் சீழை உறிஞ்ச வேண்டும்.

இரண்டாவது, சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருந்தால் அதை வெளியேற்ற வேண்டும். முற்காலத்தில் ஊசி முனையை ரப்பர் அடைப்பானில் குத்தி அப்படியே அனுப்பினார்கள். எடுத்துச் செல்கிறவரின் கையில் ஊசி குத்தும் அபாயம் இருப்பதால் இன்று அப்படிச் செய்யலாகாது. காற்றில்லாமல் தயாரிக்கப்பட்ட மூடிய குப்பியில் சேர்த்து அனுப்புவதே முறை.

மூன்றாவது, தாமதம் கூடாது. சிரிஞ்சில் இருக்கும் சீழ் அரைமணி நேரத்துக்குள் ஆய்வகம் சேருவது நலம். குளிர்பெட்டியிலும் வைக்கக்கூடாது. குளிர்ந்த திரவத்தில் ஆக்சிஜன் அதிகமாகக் கரையும் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

நான்காவது, எதை அனுப்பக்கூடாது என்பதும் தெரிய வேண்டும். சளி, தொண்டைத் தடவல், சாதாரணமாகக் கழித்த சிறுநீர் ஆகியவற்றில் இக்கிருமிகள் இயல்பாகவே கலந்துவரும். அவற்றில் வளர்த்துப் பார்த்தால் நோய்க்குக் காரணமான கிருமி எது, குடியிருக்கும் கிருமி எது என்று பிரித்தறிய முடியாது.

இவற்றில் எதற்கும் விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. பயிற்சி பெற்ற செவிலியரும், ஓட்டமாக எடுத்துச் செல்லும் ஒரு வார்டு உதவியாளரும் தேவை. மருத்துவமனையில் மிகக் குறைந்த சம்பளம் பெறுகிறவரின் நடைவேகத்தில்கூட ஒரு வியாதியஸ்தரின் கால் அடங்கியிருக்கிறது.

4. ஆய்வகத்தில் நடப்பது

சீழ் வந்தவுடன் முதலில் மூக்கும் கண்ணும் வேலை செய்கின்றன. துர்நாற்றம் இருக்கிறதா? கருமை படர்ந்திருக்கிறதா? கந்தகம்போன்ற மஞ்சள் மணிகள் தென்படுகின்றனவா? இவை யாவும் குறிப்புகள். ஆனால் நாற்றம் இல்லாததால் இக்கிருமி இல்லை என்று முடிவு கட்டலாகாது.

அடுத்தது கிராம் சாயச் சோதனை. ஒரு துளி சீழைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் முடியும் இந்த எளிய சோதனையே நம் கேள்விக்கு முதல் திறவுகோல். நுண்ணோக்கியில் கிருமிகள் நிறையத் தெரிந்து, காற்றில் வைத்த தட்டில் ஒன்றும் வளராவிட்டால், காற்றில்லாக் கிருமி இருக்கலாம் என்று உடனே சந்தேகிக்க வேண்டும். நோயாளி ஏற்கெனவே மருந்து உட்கொண்டிருந்தாலும் இப்படி நேரலாம். எப்படியாயினும் "வளர்ச்சி இல்லை" என்பது "கிருமி இல்லை" ஆகிவிடாது.

பிறகு வளர்ப்புச் சோதனை. இரத்தம் சேர்த்த அகார் தட்டுகளில் சீழைத் தடவி, காற்றுப் புகாத ஜாடிக்குள் வைக்கிறார்கள். இவ்வகை ஜாடியை மெக்கின்டாஷ், ஃபில்ட்ஸ் என்ற இருவர் 1916-ல் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். அது முதல் உலகப் போரின் காலம். எரு இட்ட வயல்களில் வெட்டப்பட்ட பதுங்குகுழிகளில் காயப்பட்ட போர்வீரர்கள், கேஸ் காங்கிரீன் என்னும் வாயு அழுகல் நோயால் மாண்டுகொண்டிருந்தார்கள். அந்நோயை லண்டனில் ஆராய்ந்த ஸ்காட்லாந்துப் பெண்மணி மியூரியல் ராபர்ட்சனின் பெயரால் ஒரு வளர்ப்பு ஊடகம் இன்றும் வழங்குகிறது. மாட்டு இதயத்தைக் கொத்தி வேகவைத்த குழம்பு அது. வெந்த இறைச்சித் துணுக்குகள் ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால், குழாயின் அடியில் இக்கிருமிகள் நிம்மதியாக வளர்கின்றன.

இன்று ஜாடிக்குள் ஒரு சிறு பொட்டலத்தைப் போட்டு மூடுகிறார்கள். அதிலுள்ள இரசாயனம் ஆக்சிஜனை நீக்கிவிடுகிறது. கூடவே மெத்திலீன் நீலம் தோய்த்த ஒரு பட்டையும் இருக்கும். ஆக்சிஜன் இருக்கும்வரை அது நீலமாக இருக்கும். ஆக்சிஜன் நீங்கியதும் நிறமற்றுப்போகும். நீலம் மாறவில்லையென்றால் ஜாடி கசிகிறது என்று பொருள். அந்தச் சோதனை செல்லாது.

இங்கே நம் பிள்ளைகள் பள்ளியில் படித்த ஒன்றைத் திருத்திக்கொள்வது நல்லது. மூடிய ஜாடிக்குள் மெழுகுவர்த்தி அணைந்தால் ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. மெழுகுவர்த்தி அணைந்தபின்னும் ஆக்சிஜனின் பெரும்பகுதி அங்கேயே மிஞ்சியிருக்கும். மெழுகுவர்த்தி ஜாடி வேறு சில கிருமிகளுக்கு உதவும், இவற்றுக்கு உதவாது.

5. காத்திருக்கும் ஊழியம்

லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தை வாசித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். தோலில் சந்தேகமான தழும்புடன் வந்தவனைக் குறித்து ஆசாரியன் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வதில்லை. ஏழு நாள் தனியே வைத்து மறுபடியும் பார்க்கிறான். தேவையானால் இன்னும் ஏழு நாள் பொறுக்கிறான். ஒருவனுடைய வாழ்வைத் தீர்மானிக்கும் வார்த்தையை, பார்த்த அன்றே சொல்லிவிடக்கூடாது என்னும் பாடம் அதில் இருக்கிறது.

காற்றில்லாக் கிருமிகள் மெதுவாக வளர்பவை. ஜாடியை 48 மணி நேரம் திறக்கலாகாது. இடையில் திறந்தால் முளைவிடும் கிருமி மடியும். வளர்ச்சி இல்லையென்றாலும் ஐந்து நாளாவது வைத்திருந்து பார்ப்பது வழக்கம். ஆக்டினோமைசிஸ் என்னும் வகைக்கு இரண்டு வாரம்வரை பொறுக்க வேண்டும். வளர்ந்த கிருமியையும் உடனே நம்பிவிடுவதில்லை. அதை இரண்டு தட்டுகளில் பூசி, ஒன்றைக் காற்றிலும் மற்றொன்றை ஜாடியிலும் வைக்கிறார்கள். ஜாடியில் மட்டும் வளர்ந்தால்தான் அது காற்றில்லாக் கிருமி என்று உறுதியாகும். கருமை நிறம் உண்டாக்கும் சில வகைகள் புற ஊதா விளக்கின்கீழ் செங்கல் சிவப்பாக ஒளிரும். மெட்ரோனிடசோல் மருந்து தோய்த்த வில்லையைத் தட்டில் வைத்தால் இக்கிருமிகளில் பெரும்பாலானவை அதைச் சுற்றி வளராமல் ஒதுங்கும்.

அந்த மருந்துக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. முதலில் அது பெண்களுக்கு வரும் ஒருவகை ஒட்டுண்ணி நோய்க்காகவே கொடுக்கப்பட்டது. 1962-ல் ஷின் என்னும் ஆங்கிலேயப் பல் மருத்துவர், அந்நோய்க்காக இம்மருந்தை உட்கொண்ட ஒரு பெண்ணின் ஈறுப் புண்ணும் கூடவே ஆறியதை எழுதினார். அதன்பிறகே காற்றில்லாக் கிருமிகளுக்கு அது எத்தனை நல்ல மருந்து என்பது தெளிவாயிற்று. விலையும் குறைவு. மாறாக, சீழ்ப் புண்களுக்குக் கொடுக்கப்படும் ஜென்டாமைசின் இவற்றை ஒன்றும் செய்யாது. அம்மருந்து கிருமிக்குள் நுழைவதற்கே ஆக்சிஜன் தேவை. ஆகவே எந்தக் கிருமி என்று அறியாமல் மருந்து கொடுத்தால் பணமும் நாளும் வீணாகும், புண் மேலேறும். சரியான மருந்து கிடைத்தாலும், சீழை வடித்துச் செத்த சதையை நீக்கினால்தான் அது பலிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

6. காத்திருக்கக் கூடாத வேளைகள்

பொறுமை எல்லா வேளைக்கும் ஏற்றதல்ல. நசுங்கிய காலில் வீக்கம் வேகமாகப் பரவுகிறது. தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்று காற்று அசைகிறது. வலியோ தாங்க முடியவில்லை. இது வாயு அழுகலாக இருக்கலாம். இங்கே வளர்ப்புச் சோதனைக்காகக் காத்திருந்தால் உயிர் போய்விடும். கிராம் சாயத்தில் பெட்டிபோன்ற தடித்த கிருமிகள் தெரிந்து, சீழணுக்கள் மிகக் குறைவாக இருந்தால் அதுவே போதிய எச்சரிக்கை. அதுவும் தாமதமானால், நோயாளியின் நிலையைக் கண்டே அறுவை மருத்துவர் கத்தியை எடுக்க வேண்டும்.

ரண ஜன்னியைக் கண்டறிய ஆய்வகமே வேண்டாம். வாய் திறக்க முடியாத தாடை இறுக்கத்தையும் உடல் வில்லாய் வளைவதையும் கண்ட மருத்துவர் அங்கேயே சிகிச்சையைத் தொடங்குகிறார். பிரசவத் தாய்மாரும் பச்சிளங்குழந்தைகளும் இந்நோயால் மாளும் நிலையை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015-ல் உறுதி செய்யப்பட்டது. தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் செய்த காரியம் அது. ஆனாலும் கிருமியின் வித்துக்கள் மண்ணில் இருந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே கப்பலடியிலும் பட்டறையிலும் வேலை செய்யும் நம் சபையார் டெட்டனஸ் தடுப்பூசியை மறக்கலாகாது.

7. உண்மையுள்ள அறிக்கை

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். சீழைக் காற்றில் மட்டும் வைத்துப் பார்த்த ஆய்வகம் "கிருமி வளர்ச்சி இல்லை" என்று எழுதினால், எழுத்தளவில் அது பொய்யல்ல. ஆனால் வாசிக்கும் மருத்துவரோ கிருமியே இல்லை என்று எண்ணிவிடுகிறார். அங்கே எழுதப்பட வேண்டியது இது: "காற்றில் வளரும் கிருமிகள் இல்லை. காற்றில்லாக் கிருமிகளுக்கான சோதனை செய்யப்படவில்லை." இந்த இரண்டாவது வாக்கியத்துக்குச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் அதை வாசிக்கும் மருத்துவர் சரியான மருந்தைச் சேர்த்துக் கொடுப்பார். தேடாததைத் தேடவில்லை என்று சொல்வதும் சாட்சியின் ஒரு பகுதியே.

1888-ல் மருத்துவர் அலெக்சாண்ட்ரினா மக்பெயில் அம்மையார் ஸ்காட்லாந்திலிருந்து சென்னைக்கு வந்தார். அவர் தொடங்கிய பணியே இராயபுரத்தில் ரெய்னி மருத்துவமனையாக வளர்ந்தது. அவர் வந்தபோது மெட்ரோனிடசோலும் இல்லை, ஜாடியும் இல்லை. இன்று இரண்டும் உண்டு. ஏழை ஒருவர் அவற்றின் பயனை அடையாமல் கால் இழப்பாரானால், அறிவு இல்லாததால் அல்ல, அந்த அறிவு அவர் கட்டில்வரை வந்து சேராததால்தான் இழக்கிறார். கிருமியின் பெயரை மணிக்கணக்கில் அல்லாமல் நிமிடங்களில் சொல்லும் கருவிகள் பெரிய மையங்களில் வந்துவிட்டன. ஆயினும் அவற்றுக்கும் உயிரோடு வந்து சேர்ந்து வளர்ந்த கிருமிதான் தேவை. முதல் அடி இன்னும் வார்டில்தான்.

லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியன், காயப்பட்டவனுக்குக் கட்டுப்போட்டதோடு நிற்கவில்லை. சத்திரக்காரனிடம் காசு கொடுத்து, அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லிச் சென்றான். அந்தக் காசு எந்த மருந்துக்கு, எந்தத் துணிக்குச் செலவாயிற்று என்று அவன் கண்ணால் காணவில்லை. பிரியமானவர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கையும் அப்படிப்பட்டதே. ஒருமுறை திறந்தால் தீர்ந்துபோகும் ஒரு பொட்டலமாக, ஒரு நீலப் பட்டையாக, ஒரு மூடிய குப்பியாக அது செலவாகலாம். யாரும் அதற்குக் கல்வெட்டு வைப்பதில்லை. ஆனால் அதனால் ஒருவர் தம் இரண்டு கால்களோடும் காசிமேட்டுக் கரைக்குத் திரும்பிப் போவார்.

சிந்திக்க

1. "வளர்ச்சி இல்லை" என்பதற்கும் "கிருமி இல்லை" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.
2. உங்கள் வீட்டிலோ சபையிலோ சர்க்கரை நோயாளிகள் தினமும் தங்கள் உள்ளங்காலைப் பார்க்கிறார்களா? பார்வை மங்கியவர்களுக்கு யார் பார்த்துச் சொல்வது?
3. உங்கள் டெட்டனஸ் தடுப்பூசியைக் கடைசியாக எப்போது போட்டுக்கொண்டீர்கள்?

ஜெபக் குறிப்புகள்

1. மிஷன் மருத்துவமனைகளின் ஆய்வகங்களில் மறைவாக உழைக்கும் ஊழியர்கள் பொறுமையோடும் உண்மையோடும் பணி செய்ய.
2. துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் கடலிலும் உழைப்பவர்களின் பாதுகாப்புக்காக.
3. ஆறாத புண்ணோடு, கால் நிலைக்குமோ என்ற பயத்தோடு, இன்றிரவு வார்டில் விழித்திருப்பவர்களுக்காக.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் ஆசீர்வதிப்பாராக.